அழகாக இருப்பது ஒரு குற்றமா?

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அரசியைப் பற்றி சோஃபியா கொப்போலா எடுத்த ‘மரி அந்துவானெத்’ 2006இல் வந்தது. அன்று முதல் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எங்கே தொடங்கினாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள்: “பார்க்க அழகு, உள்ளே ஒன்றுமில்லை.” சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திரையிடல் முடிந்ததும் எழுந்த பேச்சாளர் இதையே அரைமணி நேரம் விரித்தார். பட்டுப்புடவைக் கடை விளம்பரத்தைப் போல இருக்கிறது என்றார். கேன் திரைப்பட விழாவில் பத்திரிகையாளர் காட்சியின்போது கூச்சல் எழுந்ததைத் தீர்ப்பு நகல் போல எடுத்து வாசித்தார். அரங்கில் பாதிப்பேர் தலையாட்டினார்கள். அன்று வாயை மூடிக்கொண்டு வந்தேன். அதே பேச்சு வேறு வேறு வாய்களிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருப்பதால் இப்போது எழுதுகிறேன்.

அரசியின் காலணிக் குவியலில் இந்தக் காலத்து கன்வர்ஸ் ஷூ ஒரு ஜோடி தெரிகிறது என்பது முதல் குற்றச்சாட்டு. தெரிகிறதுதான், தெரிய வேண்டும் என்றே வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவது, இசை. பதினெட்டாம் நூற்றாண்டு அரண்மனையில் நியூ ஆர்டர், த க்யூர் போன்ற நம் காலத்து ராக் குழுக்கள் ஒலிக்கலாமா, நடிகர்கள் அமெரிக்க உச்சரிப்பில் பேசலாமா என்கிறார்கள். 1938இல் நார்மா ஷியரர் இதே அரசியாக நடித்த படத்திலும் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். அதை யாரும் வரலாற்றுத் துரோகம் என்று சொல்வதில்லை. கொப்போலாவின் படத்தில் அந்த நூற்றாண்டின் ராமோவும் விவால்டியும் ஒலிக்கிறார்கள் என்பதையும் இவர்கள் காதில் வாங்கவில்லை. நமக்குப் பழமையாகக் கேட்கும் இசை அன்றைய பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அவள் காலத்து இசை. விடிய விடிய நடக்கும் பிறந்தநாள் விருந்தில் அவளுக்கு இருந்த துள்ளலை இன்றைய பார்வையாளருக்குக் கடத்த வேறு எந்த வழியில் முடிந்திருக்கும்?

மூன்றாவதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். “படத்தில் அரசியலே இல்லை” என்கிறார்கள். அரசியல் என்றால் மேசையைச் சுற்றி அமைச்சர்கள் நின்று வரைபடத்தில் விரல் வைக்கும் காட்சி என்று இவர்களுக்கு யாரோ கற்பித்திருக்கிறார்கள். 1770 மே மாதம் ஸ்ட்ராஸ்பூர்க் அருகே ரைன் நதித் தீவொன்றில் பதினான்கு வயதுச் சிறுமியை ஆஸ்திரியா பிரான்சிடம் ஒப்படைத்தது. பல காலம் எதிரிகளாக இருந்த இரண்டு அரச குலங்களின் உடன்படிக்கைக்கு அந்தப் பெண்ணின் உடல்தான் முத்திரை. படத்தில் அவள் உடுத்தி வந்த ஆஸ்திரியத் துணிகளை ஒன்றுவிடாமல் கழற்றி, மடியிலிருந்த நாய்க்குட்டியையும் வாங்கிக்கொண்டு, பிரெஞ்சு உடையில் மறுபக்கம் அனுப்புகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு “துணிமணிப் படம்” என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

அடுத்து அந்தக் காலைநேரக் காட்சி. அரசியின் பணிப்பெண்ணாக இருந்த மதாம் கம்பான் தன் நினைவுக்குறிப்பில் எழுதிவைத்த சம்பவம் அது. குளிர்காலம். அரசி துணியில்லாமல் நிற்கிறாள். கம்பான் கையில் விரித்த உள்ளங்கி தயாராக இருக்கிறது. அதற்குள் தலைமைத் தோழி உள்ளே வருகிறார். அணிவிக்கும் உரிமை அவருக்கு. கையுறையைக் கழற்றி வாங்குகிறார். கதவு சுரண்டப்படுகிறது, ஓர்லியான் கோமகள். அவர் அந்தஸ்து இன்னும் உயர்வு. உள்ளங்கி மறுபடி கைமாறுகிறது. மறுபடி கதவு. இம்முறை ப்ரொவான்ஸ் கோமகள், அரசரின் தம்பி மனைவி. அவர் கைக்குப் போகும்வரை அரசி மார்பின் குறுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு நடுங்கி நிற்கிறாள். கொப்போலா இந்தச் சம்பவத்தைத் திருமணத்துக்கு மறுநாள் காலைக்கு நகர்த்தியிருக்கிறார். சரியான நகர்த்தல். ஒரு சிறுமி வெர்சாயில் கண் விழிக்கும் முதல் நாளிலேயே, தன் உடம்பு தனக்குச் சொந்தமில்லை, யார் யாரைவிட உயர்ந்தவர் என்று காட்டிக்கொள்ளும் இடம் அது என்று தெரிந்துகொள்கிறாள். பதினான்காம் லூயி காலம் தொட்டு பிரபுக்களை அரண்மனைக்குள் கட்டிப்போட்ட ஆட்சிமுறை இப்படித்தான் இயங்கியது. சட்டையை நீட்டும் உரிமைக்கு அடித்துக்கொண்டவர்கள் மன்னரை எதிர்த்துப் படை திரட்டவில்லை. இது அரசியல் இல்லையென்றால் வேறு எது?

வியன்னாவிலிருந்து தாய் மரியா தெரேசா எழுதும் கடிதங்களும் அப்படியே. வாரிசு பிறக்காதவரை உன் இடம் நிலையில்லை என்று அவர் குரல் சொல்லச் சொல்ல, பூப்போட்ட கவுன் அணிந்த மகள் பூப்போட்ட சுவரில் சாய்ந்து சரிகிறாள். சுவர் எங்கே முடிகிறது, பெண் எங்கே தொடங்குகிறாள் என்று பிரித்தறிய முடியவில்லை. அரண்மனை அவளை விழுங்குவதை அந்த உடையும் சுவருமே சொல்லிவிடுகின்றன. அந்த உடைகளுக்காக மிலேனா கனோனெரோவுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். நம் பேச்சாளர்களோ அதையும் “அலங்காரத்துக்குக் கிடைத்த பரிசு” என்று ஒதுக்குகிறார்கள். திருமணமாகி எட்டாண்டுகள் கழித்து, 1778 டிசம்பரில் முதல் பிரசவம். அதுவும் கூட்டத்தின் முன்னால்தான். பார்க்க வந்தவர்களில் சிலர் மேசை நாற்காலிமேல் ஏறி நின்றதாகக் கம்பான் எழுதுகிறார். பின்னாளில் ஒரு குழந்தை இறந்ததைப் படம் ஒரு சொல்கூட இல்லாமல் சொல்கிறது. சுவரிலிருந்த குடும்ப ஓவியத்தை இறக்கிவிட்டு, அந்தக் குழந்தை இல்லாத ஓவியத்தை மாட்டுகிறார்கள். இவ்வளவையும் பார்த்த கண்களில் கேக்குகள் மட்டும்தான் பதிந்தன என்றால் கோளாறு படத்தில் இல்லை.

நான்காவது: நாட்டைத் திவாலாக்கிய ஊதாரிக்குப் படம் வக்காலத்து வாங்குகிறதாம். ரொட்டி இல்லாவிட்டால் கேக் தின்னட்டும் என்றவள் அல்லவா என்பார்கள். ரூசோ அந்தக் கதையை ஏதோ ஓர் இளவரசியின் பேரில் எழுதியபோது இவள் வியன்னாவில் சிறுமி. பிரான்சில் கால் வைத்ததே இல்லை. படத்திலும் அந்தப் பழியை அவளே மறுக்கிறாள். பணக் கணக்குக்கு வருவோம். 1788இல் அரசின் செலவில் அரண்மனைக்குப் போனது நூற்றுக்கு ஆறு பங்கு அளவு. கடனுக்கும் வட்டிக்கும் போனது ஏறக்குறைய பாதி. அந்தக் கடனில் பெரும்பகுதி போர்களால் வந்தது. கடைசியாக வந்த பெரும் பாரம், அமெரிக்கர்களுக்காக இங்கிலாந்தோடு நடத்திய போர். அந்தப் போருக்குப் பணமும் படையும் அனுப்ப மன்னர் தலையசைக்கும் காட்சி படத்தில் இருக்கிறது. நிலவரியைக் குடியானவர் தலையில் சுமத்திவிட்டுப் பிரபுக்களும் குருமார்களும் பெருமளவு தப்பிக்கொண்டார்கள். இத்தனை ஆண்களின் கணக்கையும் ஒரு பெண்ணின் செருப்புக் கணக்கில் எழுதுவது அன்றைய அவதூறுப் பிரசுரக்காரர்களின் வேலை. இன்றைய விமர்சகர்கள் அதை ஏன் தொடர வேண்டும்?

கில்லட்டின் இல்லை என்பது கடைசிப் புகார். 1789 அக்டோபர் 6இல் அரச குடும்பத்தின் வண்டி வெர்சாயை விட்டுக் கிளம்புவதோடு கதை நிற்கிறது. 1793 அக்டோபர் 16 அன்று கில்லட்டினில் அவளுக்கு நடந்தது எல்லோருக்கும் தெரியும். தலை உருளுவதைக் காட்டினால்தான் வரலாறு என்று கேட்பவர்களுக்கு வேண்டியது தண்டனை, வரலாறு அல்ல.

உண்மையாகவே படத்தில் ஓர் ஓட்டை உண்டு. 1785இன் வைர மாலை விவகாரத்தை முழுதாக விட்டுவிட்டார்கள். அரசி கேட்காத, வாங்காத மாலை அது. மோசடிக்காரர்களை நம்பி அவள் பெயரில் அதை வாங்கிய கார்டினல் ரொஹான் 1786இல் விடுதலையானார்; ஊர் முழுக்கப் பழி அரசிமேல் விழுந்தது. இந்தக் குறையைச் சொல்லிப் படத்தைத் திட்டியவர் ஒருவரைக்கூட நான் சந்திக்கவில்லை. குறை சொல்லியே ஆக வேண்டும் என்பவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.