கட்டளை இல்லாத நொடி

மூளை–கணினி இடைமுகத்தால் ஆடும் விளையாட்டு எதுவானாலும் நம் துறையில் முதலில் கேட்பது துல்லியத்தைத்தான். 70 சதவீதத்தை எட்டாதவர்களை ‘எழுத்தறிவற்றவர்’ என்று வகைப்படுத்தும் வழக்கம்கூட ஆய்வுலகில் நெடுநாள் இருந்தது. கருவியின் குறையை ஆளின் தலையில் கட்டும் சொல் அது. துல்லியத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியது வேறு: ஆடுபவர் எதையும் சொல்ல விரும்பாத நொடியில் விளையாட்டு என்ன செய்கிறது? பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் விளையாட்டுக் கைப்பிடி அமைதியாகிவிடும். மூளைக்கு அந்த வசதி இல்லை. திரையைப் பார்ப்பது, அடுத்த நகர்வை யோசிப்பது, தோற்றுவிடுவோமோ என்று பதறுவது எல்லாமே மின்முனைகளை வந்தடைகின்றன. இரண்டு கட்டளைகளைப் பிரித்தறிய மட்டும் பயிற்றுவித்த மென்பொருள் இவற்றையும் அந்த இரண்டில் ஒன்றாகவே படிக்கும். ஆகவே மௌனத்துக்கு இடம் தருவது வடிவமைப்பாளரின் வேலை என்கிறோம். மூளைச் சமிக்ஞையைக் கட்டளையாகப் படிக்கும் குறிவிலக்கியை எழுதும் பொறியாளரிடம் மட்டும் அதைத் தள்ளிவிட முடியாது.

2016 அக்டோபரில் சூரிச்சை அடுத்த க்ளோட்டனில், உடல் இயலாதவர்கள் உதவிக் கருவிகளோடு போட்டியிடும் சைபத்லான் முதன்முறையாக நடந்தபோது, அதன் மூளை–கணினிப் போட்டி இதை நன்றாகவே உணர்ந்திருந்தது. கழுத்துக்குக் கீழே செயலிழந்த வீரர்கள் மூளையால் ஆடிய அந்தக் கணினி ஓட்டப் பந்தயத்தில் மூன்று நிறத் தளங்கள் மூன்று கட்டளைகளைக் கேட்டன. சாம்பல் நிறத் தளத்தில் எதுவும் சொல்லாமல் இருப்பதே சரியான ஆட்டம். தங்கம் வென்ற லொசான் அணி மூன்று கட்டளைகளுக்கு மூன்று கற்பனைகளைத் தேடவில்லை. கைகளை அசைப்பதாகவும் கால்களை அசைப்பதாகவும் நினைக்கும் இரண்டு கற்பனைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவை அடுத்தடுத்து வந்தால் மூன்றாவது கட்டளை என்று அமைத்தது. அந்த அணியின் இருவரில் தகுதிச் சுற்றில் மிக வேகமாக ஓடியவர் இறுதிப் போட்டியில் பின்தங்கினார். தங்கம் மற்றவருக்குப் போனது. சமிக்ஞை சூழலோடு சேர்ந்து மாறும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 2011இல் கிரெனோபிள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ‘பிரெய்ன் இன்வேடர்ஸ்’ இன்னொரு வழியைக் காட்டியது. குழுக்களாக மின்னும் வேற்றுக்கோளினரில் ஆடுபவர் கவனித்ததை மூளை அலையிலிருந்து கணித்துச் சுடும் ஆட்டம் அது. கணிப்பு தவறினால் ஆட்டம் முடிவதில்லை, அடுத்த வாய்ப்பு வருகிறது. சுடும் விளையாட்டில் குறி தவறுவது இயல்புதானே!

மூளைக்குள்ளேயே மின்முனைகளை வைக்கும் காலத்தில் இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனத்தின் மூளை உள்வைப்பைப் பெற்ற நோலண்ட் ஆர்பா விரும்பி ஆடியது ‘சிவிலைசேஷன் 6’. அது முறை வைத்து ஆடும் விளையாட்டு. முறையை முடிக்கிறேன் என்று ஆடுபவர் சொல்லும்வரை காத்திருக்கும். சில வாரங்களில் உள்வைப்பின் மின்முனை நுண்ணிழைகளில் பல பின்வாங்கிக் கட்டுப்பாடு குறைந்தபோது மென்பொருளை மாற்றித்தான் மீட்டார்கள். அதே நிறுவனத்தின் இரண்டாம் பயனர் ‘கவுன்டர்-ஸ்ட்ரைக் 2’ ஆடினார். குறி வைக்க உள்வைப்பு, நகர வாயால் இயக்கும் கைப்பிடி. உள்வைப்பு சிறந்த சமிக்ஞையைத் தருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு உட்படக்கூடியவர்கள் மிகச் சிலர், அவர்களுக்கும் சமிக்ஞை நிலையானதல்ல.

காத்திருக்கும் விளையாட்டு ஆடுபவரைக் குழந்தையாக நடத்துகிறது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. உடல் இயலாதவர்களுக்கு எளிய பொம்மைகளே போதும் என்ற எண்ணம் நம்மிடம் இருந்திருக்கிறது, அது அவமதிப்புதான். ஆனால் கடிகாரம் வைக்காத சதுரங்கம் எவ்வளவு நேரமும் காத்திருக்கும். அதை யாரும் எளிது என்பதில்லை. கடினம் முடிவெடுப்பதில் இருக்கட்டும், எடுத்த முடிவைக் கருவிக்குப் புரியவைப்பதில் வேண்டாம். ஆடுபவருக்குத் தெரியாமல் மென்பொருளே நகர்த்திவிட்டு வென்றதாகக் காட்டும் உதவியையும் நாம் ஏற்க முடியாது. அந்த வெற்றி அவருடையது அல்ல. உதவி இருந்தால் திரையில் தெரிய வேண்டும், அணைக்கும் உரிமையும் அவரிடம் இருக்க வேண்டும்.

எனவே இந்த இதழுக்கு எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள். துல்லியத்தின் பக்கத்திலேயே, ஆடுபவர் சும்மா இருந்த நிமிடங்களில் விளையாட்டு எத்தனை முறை தானாக நகர்ந்தது என்பதையும் எழுதுங்கள்.