வாட்டர் பர்த்: தொட்டிக்கு வெளியே இருப்பவருக்கு என்ன வேலை?

இளஞ்சூடான தண்ணீர், மங்கலான வெளிச்சம், அமைதியாகப் பிறக்கும் குழந்தை. ரீல்ஸில் 'வாட்டர் பர்த்' இப்படித்தான் தெரிகிறது. அந்தத் தொட்டியின் ஓரத்தில் மணிக்கணக்கில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கும் கணவரோ அம்மாவோ அக்காவோ வீடியோவில் அதிகம் வருவதில்லை. அவர்களுக்கு அங்கே என்ன வேலை?

பாதுகாப்பானதா?

இதில் இரண்டு கட்டங்கள் உண்டு. வலி எடுக்கும் நேரத்தைத் தண்ணீரில் கழிப்பது ஒன்று. குழந்தையையே தண்ணீரில் பெற்றெடுப்பது இன்னொன்று. முதல் கட்டத்தில் பெரிய சர்ச்சை இல்லை. 15 ஆய்வுகளைத் தொகுத்த 2018 காக்ரேன் அறிக்கைப்படி, தண்ணீரில் இருந்தவர்களுக்கு எபிடியூரல் போன்ற வலி மரப்பு ஊசியின் தேவை சற்றுக் குறைந்தது.

இரண்டாவது கட்டத்தில்தான் கருத்து வேறுபாடு. போதிய ஆதாரம் இல்லாததால், குழந்தை தண்ணீருக்கு வெளியே பிறப்பதே நல்லது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2016-ல் பரிந்துரைத்தது. பிரிட்டனின் 'பூல்' ஆய்வு, 2015 முதல் 2022 வரை தொட்டியைப் பயன்படுத்திய 60,000-க்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தது. சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால், தொட்டியிலேயே பெற்றெடுத்தவர்களுக்கும் வெளியே வந்து பெற்றெடுத்தவர்களுக்கும் இடையே ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்றது.

'சிக்கல் இல்லாத' என்பதுதான் இங்கே முக்கியம். இரட்டைக் குழந்தை, தலைகீழாகத் திரும்பாத குழந்தை, 37 வாரத்துக்கு முன்பே வரும் பிரசவம், ரத்தப்போக்கு இருந்தால் பொதுவாக அனுமதி கிடையாது.

துணைக்கு இருப்பவர் என்ன செய்யலாம்?

வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு சீக்கிரம் வறண்டுவிடும். அடிக்கடி ஒரு வாய் தண்ணீர் கொடுக்கலாம், நெற்றியில் ஈரத்துணி வைக்கலாம், இடுப்பை அழுத்திவிடலாம். வலி உச்சத்தில் இருக்கும்போது கேள்வி கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. வலி விட்ட இடைவெளியில் கேட்பது நல்லது. தொட்டியில் அவரை ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது. தண்ணீரின் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்ப்பது மிட்வைஃபின் பொறுப்பு.

எல்லாவற்றையும்விடக் கடினமான வேலை, வெளியே வரச் சொல்லும் நேரத்தில்தான் வரும். குழந்தையின் இதயத்துடிப்பு மாறலாம், ரத்தப்போக்கு தொடங்கலாம், அல்லது தாயே எபிடியூரல் கேட்கலாம்; அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு தண்ணீரில் இருக்க முடியாது. "இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமே" என்று துணைக்கு இருப்பவர் வாதாடினால் நேரம்தான் வீணாகும். கையைப் பிடித்து எழுப்பி, "நீ எதிலும் தோற்கலை" என்று அந்த நிமிஷத்தில் சொல்ல ஒருவர் வேண்டும். இதை வலி வருவதற்கு முன்பே இருவரும் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டிலேயே முயற்சிக்கலாமா?

கூடாது. 2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்த்தபோது ஒரு பெண் ரத்தப்போக்கால் இறந்தார். பயிற்சி பெற்றவரும், அவசரத்துக்கு ஆபரேஷன் தியேட்டரும் பக்கத்தில் இருப்பதால்தான் மருத்துவமனைத் தொட்டி பாதுகாப்பு.

தொட்டி இல்லாத ஊரில்?

இந்தியாவில் இந்த வசதி பெருநகரத் தனியார் மருத்துவமனைகள் சிலவற்றில்தான் இருக்கிறது. துணை அப்படியில்லை. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2016-லேயே முடிவெடுத்தது. பிரசவம் கண்ட உறவுக்காரப் பெண்ணுக்கு முன்னுரிமை. தனி மறைவு வசதி இருந்தால் கணவரையும் விடலாம்.

26 ஆய்வுகளைத் தொகுத்த 2017 காக்ரேன் அறிக்கையின்படி, தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்தால் சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சுருங்குகிறது. தேசிய குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். எனவே மருத்துவமனையைத் தேர்வு செய்யும்போது "தொட்டி இருக்கா?" என்பதற்கு முன், "லேபர் வார்டுக்குள்ள கடைசி வரை ஒருத்தர் கூட இருக்கலாமா?" என்று கேட்பது நல்லது.