கதவு மாட்டாவிட்டாலும் பால் பொங்கும்



ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டால், கிரகப்பிரவேசப் பத்திரிகையோடு வருகிறவர்கள் ஒரு புலம்பலையும் சேர்த்தே கொண்டுவருகிறார்கள்: "எல்லாம் முடிஞ்சாச்சுங்க, கிச்சன் கப்போர்டுதான் இழுக்குது!"

இழுக்கத்தான் செய்யும். கொத்தனார், பிளம்பர், டைல்ஸ்காரர் என்று எல்லாரும் விட்டுப்போன குறைகள் கடைசியில் வரும் ஆசாரி தலையில்தான் விடிகின்றன. நம் வீட்டுப் பூச்சுச் சுவர் எது தூக்குக்குண்டுக்கு நேராக நிற்கிறது? பட்டறையில் மெஷினில் அறுத்துவந்த பெட்டியோ மில்லிமீட்டர் பிசகாத சதுரம். இரண்டும் சேரும் இடத்தில் மேலே விரல் நுழையாது. கீழே கரப்பான் குடும்பமே நுழையும். அந்தச் சந்தில் சிலிக்கானைப் பிதுக்கி மூடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். லேமினேட் ஒட்டிய ஃபில்லர் பட்டை ஒன்றைச் சுவரின் கோணலுக்கு ஏற்ப இழைத்துப் பொருத்தச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை.

கதவு தொங்குகிறதா, கீல் திருகைத் திருப்பினால் சரியாகிவிடும். இதற்கெல்லாம் ஆசாரியோடு சண்டை போடுவது வீண். சண்டை போட வேண்டிய இடங்கள் வேறு. சிங்க்குக்குக் கீழே வரும் பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்க வேண்டும். தண்ணீர் தாங்கும் ரகம் அது. இல்லையென்றால் அறுப்பதற்கு முன்பே கடைக்குத் திருப்பிவிடுங்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தங்கும். ஆகவே சிலிண்டர் வைக்கும் பெட்டியின் கதவில் அடிப்பக்கம் காற்றுத் துளை கட்டாயம். அழகு கெடுகிறது என்று அதை விட்டுவிடும் டிசைனர்கள் உண்டு. அவர்களா அங்கே சமைக்கப்போகிறார்கள்?

சமைக்கிறவரை யாரும் கேட்பதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். எல் வடிவ மேடையின் மூலையில் ஒரு டிராயரை இழுத்தால் பக்கத்து டிராயரின் கைப்பிடியில் முட்டும். வரைபடத்தில் இது கண்ணில் படாது. கிரைண்டரைத் தூக்கி வைத்து எடுக்கிறவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். மாட்டும்போதே அவரை நிறுத்தி எல்லாவற்றையும் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். மூலையில் இரண்டு அங்குலப் பட்டை கொடுத்துத் தள்ளி மாட்டுவது அன்றைக்கு எளிது. மேலே கிரானைட் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான்.

முகூர்த்தத்துக்கு அடுப்பும் பாலும் இருந்தால் போதும். கதவில்லாத கப்போர்டைப் பார்த்து நாலு பேர் நாலு சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்குப் பயந்து ஆசாரியை ராத்திரி பகலாக விரட்டாதீர்கள். அவசரத்தில் ஒட்டிய லேமினேட் அடுத்த மழைக்காலத்தில் விளிம்பு தூக்கும்.

கடைசித் தவணையை மட்டும், சிங்க்கில் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டு, கீழே பெட்டிக்குள் கை வைத்துத் துடைத்துப் பார்த்தபிறகு கொடுங்கள்.