மெய்நிகர் பத்துமலை யாருக்கு?

2021 தைப்பூசத்தில் பத்துமலைப் படிகளில் காவடி ஏறவில்லை. பெருந்தொற்றுக் கட்டுப்பாடு. வெள்ளி ரதம் மட்டும் கூட்டமில்லாமல் போய்ச் சேர்ந்தது. நாமெல்லாம் கைப்பேசியில் பார்த்தோம். அதற்குப் பிறகு என் துறை நண்பர்கள் சிலர் ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்: மெய்நிகர்க் கண்ணாடியை மாட்டினால் போதும், பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் உட்கார்ந்தபடியே 272 படியும் ஏறிவிடலாமாம். மூளைக்கு வித்தியாசம் தெரியாதாம்.

இதைக் கேட்ட இலக்கிய நண்பர்கள், "உடம்பே மாயைன்னு சித்தர்கள் அப்பவே சொல்லிட்டாங்களே" என்கிறார்கள். இரண்டு பேச்சுமே சோம்பேறித்தனம் என்பது என் கட்சி.

முதலில் பொறியாளர்களுக்கு. 1998-இல் பாட்வினிக்கும் கோஹெனும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உங்கள் கையைத் திரைக்குப் பின்னால் மறைத்து, கண்முன் ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள். சில நிமிடங்களில் ரப்பர் கை உங்கள் கையாகத் தோன்றத் தொடங்கும். 2007-இல் இரண்டு குழுக்கள் தலையில் மாட்டும் திரையை வைத்து இதை முழு உடம்புக்கும் நீட்டின. தன் முதுகைத் தானே எதிரில் பார்த்தவர்கள், தாங்கள் உடம்புக்கு வெளியே இருப்பதுபோல் உணர்ந்தார்கள்.

ஆனால் ரப்பர் கை வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் ஒரே கணத்தில் பொருந்த வேண்டும். தூரிகைகள் முன்பின்னாகப் போனால் மயக்கம் குறைந்துவிடுகிறது. உங்கள் வீட்டுப் பத்துமலையில் கண் ஏறுகிறது, கால் சோபாவில் கிடக்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'நகரவே இல்லை' என்கிறது. பக்தி வராது, வாந்திதான் வரும். வெறுங்காலில் சூடும், தோளில் காவடியின் பாரமும், பல நாள் விரதமும் சேர்ந்துதான் அந்த உடம்பு உருவாகிறது. படம் அதில் ஒரு துண்டு.

இனி மாயைக்காரர்களுக்கு. மூளை உடம்புக்கு ஒரு வரைபடம் வைத்திருக்கிறது, அதைத் திருத்தவும் முடியும் என்பதுதான் இந்தச் சோதனைகள் சொல்வது. உடம்பு இல்லை என்று எந்தச் சோதனையும் சொல்லவில்லை. கிள்ளானில் என் மாமாவுக்கு இனிப்புநீரால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இல்லாத அந்தக் கட்டைவிரல் ராத்திரியில் முறுக்கி வலிக்கிறது. கால் போய்விட்டது, வரைபடம் போகவில்லை. அவரிடம் போய் மாயை என்று சொல்லிப் பாருங்கள்.

இந்த வலிக்குக் கண்ணாடியால் வழி தேடியவர் ஒரு தமிழர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன். 1990-களில் சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டினார். சிலருக்கு இறுகியிருந்த மாயக்கை விரிந்தது. 2007-இல் கால் இழந்தவர்களிடம் நடந்த சிறிய ஆய்விலும் நான்கு வாரத்தில் வலி குறைந்தது. எல்லாருக்கும் பலிக்காது. ஆனால் செலவு ஒரு கண்ணாடி. மெய்நிகர்க் கருவி செய்வதும் இதே வேலைதான். கொஞ்சம் நன்றாகச் செய்யலாம்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு நீரிழிவு. மூன்று பெரிய இனங்களிலும் நமக்குத்தான் அதிகம். கால் இழந்தவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். என் மாமாவுக்கு இந்தக் கண்ணாடி விஷயத்தை யாரும் சொல்லவில்லை; தமிழில் எழுதி வைத்த ஒரு தாள்கூடக் கைக்கு வரவில்லை.

நல்ல கால் உள்ளவன் படியேறாமல் சாமி பார்க்க நிரல் எழுதுகிறோம். கால் இல்லாதவர் ராத்திரி தூங்க ஒரு நிரல் எழுத நமக்கு நேரமில்லை. மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. மெய்நிகர் என்று பெயர் வைத்தவர்கள் இரண்டாவது பொருளுக்கும் கொஞ்சம் உழைக்கலாம்.