பந்தடி பார்க்கப் போன ஊர்கள்



கரையோரக் கிராமங்களில் வளர்ந்தவர்களுக்கு உதைபந்தாட்டத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. குருநகர், பாசையூர், நாவாந்துறை, மன்னாரில் பள்ளிமுனை, பேசாலை என்று எந்தக் கரைக்குப் போனாலும் பின்னேரத்தில் பந்தடிக்கும் பிள்ளைகளைக் காணலாம். அந்த ஆட்டங்களைப் பார்ப்பதற்காக வேற்றூர்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்வந்த பெண்களையும் பிள்ளைகளையும் பற்றி இந்த மாதம் எழுத விரும்புகிறேன். நானும் அப்படிப் போன ஒரு பிள்ளைதான்.

எங்கள் ஊர் ஊர்காவற்றுறைப் பக்கம். 1970களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் எங்காவது சுற்றுப்போட்டி என்றால் எங்கள் ஊர் விளையாட்டுக்கழகமும் போகும். அணிக்காரர் பஸ்ஸில் முன்னரே போய்விடுவார்கள். ஆதரவாளர்களுக்குச் சம்மாட்டியாரின் மீன் லொறி. காலையிலேயே அதைக் கழுவி, சாக்குகளை விரித்து வைப்பார்கள். எவ்வளவு கழுவினாலும் கருவாட்டு மணம் போகாது. அம்மா ஓலைப்பெட்டியில் புட்டும் பொரித்த மீனும் எடுத்து வருவார். அம்மம்மா வெற்றிலைப் பையோடு ஏறி, காற்றுப் படாத மூலையைப் பிடித்துக்கொள்வார். சின்னம்மாமார், மாமிமார், கைக்குழந்தைக்காரிகள் எல்லோரும் வருவார்கள். ஐயா எங்களை ஒவ்வொருவராகத் தூக்கி ஏற்றிவிட்டு, கடைசியில் தான் ஏறுவார்.

வேலணையைத் தாண்டிப் பண்ணைப் பாலத்தில் லொறி ஏறியதும் இரண்டு பக்கமும் கடல். பிறகு யாழ்ப்பாணப் பட்டணம், ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு. ஒவ்வொரு சந்தியிலும் ஐயா ஊரின் பெயரைச் சொல்லுவார். நாங்கள் திரும்பச் சொல்லவேண்டும். புவியியல் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே யாழ்ப்பாணக் குடாநாட்டை நான் படித்தது அந்த லொறியில்தான்.

எங்களுக்கு மிகவும் பிடித்த பயணம் இளவாலைப் பக்கம் போவது. தீவுப் பகுதியில் நல்ல தண்ணீர் அரிது. பல கிணறுகள் உவர். அங்கே போனால் செம்மண் தோட்டம், புகையிலை, வெங்காயம், வாய்க்கால் நிறைய ஓடும் நன்னீர். பிள்ளைகள் நாங்கள் இறங்கியதும் ஓடுவது மைதானத்துக்கு அல்ல, கிணற்றடிக்கு. தண்ணீர் அள்ளித் தந்த ஒரு ஆச்சி, "வடிவாக் குடியுங்கோ பிள்ளையள், பந்தை மட்டும் எங்கட பெடியளுக்கு விட்டிடுங்கோ" என்று சிரிப்பார். திரும்பும்போது அம்மா கொண்டுபோன கலனிலும் நிரப்பிக்கொள்வார்.

ஐயாவின் தங்கை அந்த ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார். ஆட்டத்துக்கு முன் எல்லோருக்கும் மாமி வீட்டில் ஒடியற்கூழ். பிளாவில் ஊற்றித் தந்துவிட்டு, மைதானத்துக்கு வந்ததும் மாமி எங்களை விட்டு எதிர்ப்பக்கம் போய், புகுந்த ஊர்ப் பெண்களோடு இருந்துவிடுவார். எங்கள் பந்துக்காப்பாளரைத் தாண்டிப் பந்து போனால் முதலில் கைதட்டுவதும் அவர்தான். "பிறந்த ஊரை மறந்திட்டாள்" என்று அம்மம்மா பொய்க்கோபம் கொள்வார். ஆட்டம் முடிந்ததும் மாமியே வந்து அம்மம்மாவின் கையைப் பிடித்து லொறியில் ஏற்றிவிடுவார். மடியில் ஒரு பொதி பனங்கட்டியும் இருக்கும்.

நாங்கள் வென்றதைவிடத் தோற்றதே அதிகம். சமநிலை தவிர்ப்பு உதையில் தோற்ற நாட்களில் லொறியில் ஒருவரும் பேசமாட்டார்கள். பண்ணையடிக்கு வரும்போது யாராவது ஒரு பாட்டைத் தொடங்குவார். ஊருக்குள் நுழையும்போது அடுத்த ஆட்டத்துக்கு யாரை எங்கே விடுவது என்று பெரிய விவாதமே நடக்கும். தோல்வி என்பது ஓர் இரவோடு முடிகிற விடயம் என்று அப்போது பழகிக்கொண்டோம்.

1983 இற்குப் பின்னர் இந்தப் பயணங்கள் குறைந்தன. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வரவேண்டும் என்றார்கள். 1985 மே மாதம் குமுதினிப் படகில் போனவர்கள் கொல்லப்பட்ட பிறகு தீவார் பிள்ளைகளோடு வெளியே போகவே அஞ்சினார்கள். 1990 ஆகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதிக்கு வந்தபோது ஊரே வெளியேறியது. நாங்களும் கையில் கிடைத்ததோடு வள்ளத்தில் கடல் கடந்து கரையேறினோம்.

எங்கே போவது என்று யாரும் யோசித்து நிற்கவில்லை. அம்மம்மா சொன்னார், "பந்தடி பாக்கப் போற இடத்துக்கே போவம்." அதே சந்திகளைக் கடந்து நடந்தோம். மாமியின் வீடு ஏற்கனவே நிறைந்திருந்தது. ஆனால் எதிர்ப்பக்கம் இருந்து கைதட்டிய பெண்களுக்கு எங்கள் முகம் தெரியும். எந்தப் பிள்ளை யாருடையது என்றும் தெரியும். ஒருவர் மாட்டுக்கொட்டிலைக் கழுவித் தந்தார். ஒருவர் பானையும் அரிசியும் தந்தார். தண்ணீர் தந்த அந்த ஆச்சியின் கிணற்றில்தான் பல மாதங்கள் குளித்தோம். அவர்களும் பின்னர் இடம்பெயர வேண்டி வந்தது. அப்போது எந்த ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பிடிக்க இந்தப் பழைய பழக்கமே உதவியது.

இதை ஏன் எழுதுகிறேன் தெரியுமா, சகோதரிகளே? போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. பாதைகள் திறந்தன. 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் வந்தபின் மன்னாரில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் கடலோரமாகவே வரமுடிகிறது. 2016 ஜூனில் யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கு புதுப்பித்துத் திறக்கப்பட்டது. எங்கள் பிள்ளைகள் வேற்றூருக்குப் பந்தடிக்கப் போகிறார்கள். தாய்மார்தான் போவதில்லை.

கணவரை இழந்த ஒரு தாயிடம், "மகன்ரை ஆட்டம் பார்க்கப் போகேல்லையோ?" என்று கேட்டேன். "அவர் இருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பார். நான் தனியப் போய் மைதானத்தில் நிண்டால் சனம் என்ன கதைக்கும்?" என்றார். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் பலவற்றில் இதே பதில்தான் வருகிறது. தகப்பனும் இல்லை, தாயும் வரவில்லை என்றால் கோல் அடித்த பிள்ளை யாரைத் திரும்பிப் பார்க்கும்?

மைதானத்தில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கிலாந்தின் உதைபந்தாட்டச் சங்கம் தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் விளையாடுவதை 1921 இல் தடைசெய்தது. அத்தடை நீங்க ஐம்பது ஆண்டுகள் சென்றன. ஈரானில் பல பத்தாண்டுகளாக மறுக்கப்பட்ட பெண்கள் 2019 ஒக்டோபரில்தான் நுழைவுச்சீட்டு வாங்கித் தங்கள் நாட்டணியின் உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டத்தைப் பார்த்தார்கள். எங்கள் அம்மம்மாமாரோ யாரையும் கேட்காமல் லொறி ஏறிப் போனவர்கள். இன்று தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய மட்டத்தில் கிண்ணம் வென்றிருக்கிறார்கள். அந்த மைதானங்களின் ஓரத்தில் நிற்க நாம் ஏன் தயங்கவேண்டும்?

தனியே போகத் தயக்கமாக இருந்தால் ஐந்தாறு தாய்மார் சேருங்கள். ஒரு வானைப் பேசி வாடகையைப் பங்கிட்டால் ஒருவருக்குப் பெரிய செலவு வராது. சாப்பாட்டை வீட்டிலிருந்தே கட்டிக்கொள்ளுங்கள். தண்ணீரை மறக்காதீர்கள். மகள்மாரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். வழியில் ஒவ்வொரு ஊரின் பெயரையும் சொல்லிக்கொடுங்கள். அந்த ஊரில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒருமுறை அவர் வீட்டு வாசலை மிதியுங்கள். எதிரணியின் தாய்மாரோடு நாலு வார்த்தை கதையுங்கள். பிள்ளை தோற்று வந்தால் அன்றிரவு புத்தி சொல்லவேண்டாம். சாப்பாடு போட்டுப் படுக்க விடுங்கள்.

முகாமிலும் சோதனைச் சாவடிகளுக்கு இடையிலும் குழந்தைப் பருவத்தைக் கழித்தவர்கள் இப்போது தாய்மாராகிவிட்டார்கள். தெரிந்த ஊர்களும் தெரிந்த முகங்களும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய பலம் என்பதை நாங்கள் பட்டு அறிந்தோம். காணியும் நகையும் கொடுக்க முடியாத தாயாலும் இதைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க முடியும். அடுத்த சனிக்கிழமை உங்கள் ஊர் அணி எங்கே விளையாடுகிறது என்று இன்றைக்கே மகனிடம் கேட்டுப் பாருங்கள்.