இசையமைத்தவர் யார்?



கிள்ளான் வட்டாரத்தில் ஒரு பரிசளிப்பு விழா. மாணவியர் இருவர் கண்ணனாகவும் ராதையாகவும் அழகுற ஆடினர். ஆடி முடிந்ததும் நடன ஆசிரியை, ஒப்பனை செய்தவர், ஆடைக்கு நன்கொடை தந்தவர், சிறப்பு விருந்தினர் என அனைவருக்கும் நன்றி கூறப்பட்டது. அருகில் அமர்ந்திருந்த ஐந்தாம் ஆண்டு மாணவி கேட்டாள்: “ஐயா, இந்த இசையை அமைத்தவர் யார்?” நிகழ்ச்சி நிரலைப் புரட்டினேன், பெயர் இல்லை. ஏற்பாட்டாளரைக் கேட்டேன். “இணையத்தில் எடுத்ததுதானே ஐயா!” என்று சிரித்தார்.

இந்த மறதி நம்மோடு தொடங்கியதன்று. 1923இல் இலண்டன் கோவென்ட் கார்டன் அரங்கிலும் இதே கண்ணனும் ராதையும் ஆடினர். ராதையாக ஆடியவர் உருசியப் பாலே நடனமணி அன்னா பாவ்லோவா. கண்ணனாக ஆடியவர் அந்நாளில் இலண்டனில் ஓவியம் பயின்ற உதயசங்கர். அந்தப் பாலேவுக்கு இசையமைத்தவர் கோமலதா பானர்ஜி என்னும் இந்தியப் பெண்மணி. ருக்மிணி தேவியைத் தாய்நாட்டுக் கலையின் பக்கம் திருப்பியவர் பாவ்லோவா என்று நம் நடன வகுப்புகளில் பெருமையோடு சொல்கிறோம். உதயசங்கரையும் போற்றுகிறோம். கோமலதாவை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இருவர் ஆடும் ஆட்டத்தில் இசை வெறும் பின்னணியா? அவர்கள் எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது, எந்த அடியில் திரும்புவது என்னும் காலக்கணக்கு முழுவதும் இசையில் அல்லவா இருக்கிறது? பரதத்தின் ஜதியும் அதுதானே!

“பள்ளி விழாவுக்கு வாத்தியக் குழுவா வைக்க முடியும்?” என்பர் சிலர். நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி அச்சிட எவ்வளவு செலவாகும்? மனமிருந்தால் இன்னும் ஒரு படி ஏறலாம். 1981இல் தொடங்கப்பட்டு, பிரிக்பீல்ட்ஸில் இயங்கிவரும் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ், நடனத்தோடு இசையையும் கற்பிக்கிறது. நம் பள்ளிகளிலும் மிருதங்கமும் வயலினும் பயிலும் பிள்ளைகள் உள்ளனர். இருவர் ஆட, இருவர் வாசிக்கட்டுமே!

என்னைக் கேள்வி கேட்ட அந்த மாணவி, வீட்டில் கீபோர்டில் தானாகவே மெட்டுக் கட்டுபவள். இசை இணையத்தில் முளைப்பது என்று சொல்லி அவளை அனுப்பினால், அதை ஒரு மனிதர், ஒரு பெண், உட்கார்ந்து உருவாக்குகிறார் என்பதை அவள் எங்கே அறிவாள்? அவளும் அப்படி ஆகலாம் என்று அவளுக்கு யார் சொல்வார்?

அடுத்த விழாவின் நிகழ்ச்சி நிரலில் ‘இசை’ என்று எழுதி, எதிரே ஒரு பெயரையும் எழுதுவோம். சிந்திப்போம், செய்வோம்!