நமக்கு வாய்த்த வரம் எது?

சென்ற கிழமை நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, பரீட்சைக்குப் படிக்கும் மாணவி ஒருத்தி எழுதியது. "என் தமக்கைக்கு நல்ல குரல் உண்டு. தம்பி மேடையேறிப் பேசுகிறான். எனக்கு மாத்திரம் ஆண்டவன் ஒரு வரமும் தரவில்லையோ? தந்திருந்தால் அதை எவ்வாறு கண்டறிவது?" என்று கேட்டிருக்கிறாள்.

வரம் என்றதும் நம் மனம் மேடையையே நாடுகின்றது. பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 12ஆம் அதிகாரத்தில் வரங்களை வரிசைப்படுத்துமிடத்து, நோய் தீர்த்தலுக்கு அடுத்ததாகப் பிறர்க்கு உதவி செய்தலை வைக்கிறார். பல பாஷை பேசுதல் அதற்கும் பின்னரே வருகின்றது. சைவர்களாகிய அன்பர்கள் அப்பரடிகளின் திருவுருவத்தை நினைத்துப் பார்க்கலாம். பதிகம் பதிகமாகப் பாடியருளிய அப்பெருமானை நம் சிற்பிகள் உழவாரப்படை தாங்கியவராகவே வடித்து வைத்தனர். கோயில் வீதியிற் புல் செதுக்கிய கருவி அது.

எங்கள் அயலில் ஒரு மூதாட்டி இருந்தார். மரணம் நேர்ந்த வீட்டுக்குச் செல்வோர் யாவரும் ஆறுதல் மொழிவர். இவருக்கோ பேச வராது. வீட்டுப் பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடித்துத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று, குளிப்பாட்டிச் சோறூட்டி, உறங்கச் செய்து விடுவார். 'உங்களுக்கு இது கடவுள் தந்த வரம்' என்று யாரேனும் சொல்லியிருந்தால் பொக்கை வாயால் சிரித்திருப்பார். அவர் காலமான பின்னரே அவ்வேலையை எவரும் ஏற்காதிருப்பதைக் கண்டு திகைத்தோம்.

வரத்தைத் தேடித் தனியே அமர்ந்து தன்னைத்தானே ஆராய்வதிலும், அண்டையிலுள்ளார் குறை எதுவென்று பார்ப்பதே நேர்வழி என்பது நம் கருத்து. யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த ஒருவர் வரலாறும் இதையே காட்டுகின்றது.

டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1822ஆம் ஆண்டு அமெரிக்காவின் வூஸ்டர் என்னும் ஊரிற் பிறந்தவர். நியூயோர்க்கில் வைத்தியம் கற்று, 1847இல் அமெரிக்க மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்தார். தமக்கு இறைவன் அளித்த வரம் பிணி நீக்குதலே என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆனால் வந்து சேர்ந்த நோயாளர் தொகையோ ஒருவர் கைக்கு அடங்குவதன்று. இரண்டே கைகளையுடைய ஒருவர் எத்தனை பேருக்கு மருந்திடலாம்? ஆதலால் இவ்வூர் இளைஞரை அழைத்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். போதிக்கும் வரமும் தம்மிடம் இருந்ததை, தேவை வந்து கதவைத் தட்டியபோதே அவர் கண்டார் போலும்.

முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அங்கேதான் சிக்கல் எழுந்தது. ஆங்கிலத்தில் வைத்தியம் கற்றவனுக்குச் சம்பள உத்தியோகம் காத்திருந்தது. அவன் ஊரை விட்டுப் போனான். கிராமத்துப் பிணியாளன் பழைய நிலையிலேயே கிடந்தான். தமிழிற் கற்றவனே தமிழ்க் கிராமத்தில் தங்குவான் என்று கிறீன் துணிந்தார். இத்துணிவு எல்லோருக்கும் இனித்திராது. பிள்ளை ஆங்கிலம் கற்று உத்தியோகம் பெற வேண்டுமென்று காத்திருந்த பெற்றோரை நாம் குறை கூறவும் மாட்டோம். இன்றும் நாம் அவ்வாறுதானே இருக்கின்றோம்! ஆயினும் 1864ஆம் ஆண்டு தொட்டுத் தமிழிலேயே வைத்தியம் கற்பிக்கப்பட்டது.

கற்பிக்க நூல் வேண்டுமே. பல பாஷை பேசும் வரம் அவர்மேல் ஓர் இரவில் இறங்கிவிடவில்லை. எழுத்துத் தொடங்கிப் பாடுபட்டுக் கற்ற தமிழ் அது. அதைக்கொண்டு, தம் மாணவர் சிலரின் துணையுடன், பெரிய வைத்திய நூல்களை மொழிபெயர்த்தார். 1867இல் 'இரணவைத்தியம்', 1872இல் கிறே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகிய 'மனுஷ அங்காதிபாதம்', 1875இல் 'கெமிஸ்தம்' என அவை வெளிவந்தன. கெமிஸ்தம் என்பது இரசாயன நூல். அப்பெயரைக் கண்டு இக்கால மாணவர் நகைக்கக்கூடும். சொல்லில்லாத இடத்திற் சொல் படைக்க முயன்றவரின் தவிப்பை, பரீட்சை மண்டபத்தில் ஒரு கலைச்சொல்லை மறந்து விழித்தவர் சற்றேனும் அறிவர்.

இதிற் கவனிக்கத்தக்கது யாதெனில், தமக்கு மிக எளிதாக வந்த சிகிச்சைத் திறமையோடு அவர் நின்றுவிடவில்லை என்பதே. எளிதில் வராத தமிழே அவருடைய தொண்டு நெடுங்காலம் நிலைப்பதற்கு வழியாயிற்று. 'எனக்கு இயல்பாக வருவது எதுவோ அதுவே என் வரம்' என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது முழுவதும் உண்மையென்று நாம் நம்பவில்லை. நோயாளியை உத்தேசித்தே அவர் மொழி கற்றார். மொழிக்காகப் பட்ட பாட்டைப் பட்டியலிட்டுக்கொண்டிருக்க அவருக்கு நேரமேது?

உடல்நலம் குன்றியமையால் 1873இல் கிறீன் இந்நாட்டை விட்டு நீங்கினார். அதற்குள் அவரிடம் பயின்ற வைத்தியர் அறுபதின்மருக்கு மேலாகியிருந்தனர். வூஸ்டரிற் பனி பெய்யும் வீட்டில் இருந்துகொண்டும் தமிழ் வைத்திய நூல் வேலையை அவர் கைவிடவில்லை. மனித உடலின் இயக்கங்களை விளக்கும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியஞ் செய்தவர் என்னும் வாசகமே, அவர் விரும்பியபடி, கல்லறையிற் பொறிக்கப்பட்டது. மானிப்பாயிலுள்ள வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இவ்வளவும் எழுதிய பின், நம் வாசகியின் கடிதத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தோம். முதல் வாசிப்பில் நாம் கருத்தூன்றாத ஒரு வரி அதன் இறுதியில் இருந்தது. அடுத்த வீட்டுச் சிறுவர் இருவர் வழக்கம்போலக் கணக்குக் கேட்க வந்துவிட்டனராம். விளக்கை வேறு அவர்களே பிடித்துக்கொண்டனராம். ஆகவே கடிதத்தை இத்துடன் முடிப்பதாக எழுதியிருக்கிறாள். அச்சிறுவருக்குக் கணக்கு விளங்கிற்றா என்பதை அடுத்த கடிதத்தில் நமக்கு அறிவிப்பாளாக.